கேமராவும் காபியும் கட்டடமும்: ஒரு நகர நடைக்கான முழுமையான வழிகாட்டி

காபிக் கடைப் படங்களைத் தனியாகவும் கட்டடப் படங்களைத் தனியாகவும் எடுப்பவர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் நுரை மேல் இலை வரைந்த கோப்பை, இன்னொரு பக்கம் அண்ணாந்து பார்த்து எடுத்த மாடிக் கட்டடம். இரண்டும் அழகாகவே இருக்கும். ஆனால் அந்தக் கோப்பை எந்த ஊரில், எந்த மாதிரி அறையில் இருந்தது என்று படத்தைப் பார்த்தால் தெரியாது.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் முறை, காபிக் கடையை அது இருக்கும் கட்டடத்தின் ஓர் அறையாகப் பார்ப்பது. மேசையில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் முடிவு செய்பவை அந்தக் கட்டடத்தின் சுவரும் ஜன்னலும் கூரையும்தான். இன்னொன்றும் உண்டு. அலுவலகம், வங்கி, அடுக்குமாடி வீடு என்று நகரத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குள் வெளியாள் நுழைய முடியாது. ஒரு காபிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து கூரையை நிமிர்ந்து பார்க்கலாம் என்றால், அது காபிக் கடையில் மட்டும்தான் முடியும். கட்டடத்தை நேசிக்கிற புகைப்படக்காரருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

1. சின்னப் பகுதி, சரியான திசை

நகரம் முழுவதையும் ஒரே நாளில் சுற்ற நினைத்தால் எல்லா இடத்திலும் அவசரப் படங்கள்தான் மிஞ்சும். நடந்தே சுற்றிவிடக்கூடிய ஒரு பகுதி போதும்: ஒரு பழைய கடைத்தெரு, ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நாலு தெரு, அந்த அளவுதான். வரைபடத்தில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி மூன்று நான்கு கட்டடங்களையும் இரண்டு காபிக் கடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் காபி எப்படி என்பதோடு ஜன்னல் எப்படி என்றும் பாருங்கள். தெருமுனைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கடை இருந்தால் விடாதீர்கள். இரண்டு தெருப் பக்கமும் ஜன்னல் இருக்கும், வெளிச்சம் இரண்டு திசையிலிருந்து வரும். அதேபோல, நல்ல முகப்புள்ள ஒரு கட்டடத்துக்கு எதிரே முதல் மாடியில் காபிக் கடை இருக்கிறதா என்றும் தேடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது திசை. பலரும் தாண்டிப்போகிற வேலை இது. என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்துக்கும் உயிர் இதுதான். கிழக்கு பார்த்த முகப்பில் காலையில் வெயில் விழும், மேற்கு பார்த்ததில் மாலையில். வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் அங்கே தெற்கு முகப்புகள் வெயில் காயும், வடக்கு முகப்புகள் அநேகமாக நாள் முழுக்க நிழலில் இருக்கும். வெப்பமண்டலத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இது தலைகீழ். வெப்பமண்டல ஊர்களில் நண்பகல் சூரியன் வருடத்தின் ஒரு பகுதியில் வடக்கேயும் மற்றொரு பகுதியில் தெற்கேயும் இருக்கும். ஃபோட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகளில் தேதியும் இடமும் கொடுத்தால் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் வெயில் என்று காட்டிவிடும்.

இதை வைத்து நாளைப் பிரியுங்கள். காலையில் கிழக்கு முகப்புகள். வெயில் ஏறியதும் நேரடி வெயில் படாத ஜன்னலுள்ள காபிக் கடைக்குள். சாயங்காலம் மேற்கு முகப்புகள். சூரியன் மறைந்ததும் மறுபடி அதே காபிக் கடை, இந்த முறை தெருவில் நின்று.

2. பையில் என்ன

குறைவாக எடுத்துச் செல்லுங்கள். ஒரு கேமரா, 24 முதல் 35 மி.மீ. வரை உள்ள ஏதாவது ஒரு லென்ஸ், முடிந்தால் 85 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஒன்று (எண் சிறியதானால் பார்வை அகலம், பெரியதானால் தூரத்துப் பொருள் நெருங்கும்). முதலாவது அறைக்கும் முகப்புக்கும், இரண்டாவது மேல்மாடி அலங்காரங்களுக்கும் மேசை விவரங்களுக்கும். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்று, கண்ணாடி துடைக்கும் துணி, கூடுதல் பேட்டரி. முக்காலியைக் கொண்டுபோனால் பெரும்பாலான கடைகளில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும், நடைபாதையிலும் இடைஞ்சல். மேசை மேல் கேமராவை வைக்க ஒரு சின்னத் துணிப்பை போதும்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்றாலும் தாராளமாகக் கிளம்பலாம். அதன் முதன்மை கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான பார்வை கொண்டது. அறைகளுக்கு இதுவே ஏற்றது. மிக அகலமான லென்ஸை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். அது படத்தின் ஓரங்களை இழுத்துவிடும், ஓரத்தில் இருக்கும் கோப்பை முட்டை வடிவமாகும், முகம் அதைவிட மோசமாகும்.

3. உள்ளே போகும் முன் கட்டடத்தைப் படியுங்கள்

கட்டடத்தை அடைந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். முடிந்தால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது: பாரத்தைத் தாங்குவது எது? சுவரா, தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டகமா?

சுவரே பாரத்தைச் சுமக்கும் பழைய கட்டடங்களில் சுவர் தடிமனாக இருக்கும், ஜன்னல்கள் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரும்பு, எஃகுச் சட்டகங்கள் வந்தன. சிகாகோவில் 1885இல் கட்டி முடித்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பாரத்தைச் சட்டகம் ஏற்றுக்கொண்டதும் சுவர் மெலிந்தது, ஜன்னல் அகன்றது. பிறகு கண்ணாடி. உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையைப் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. பெரிய தட்டைக் கண்ணாடி மலிவானதும், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்த கடைகள் பெருகின.

புகைப்படக்காரருக்கு இந்த வரலாறு எதற்கு? உள்ளே கிடைக்கப்போகும் வெளிச்சத்தை வெளியே நின்றே கணித்துவிடலாம், அதற்குத்தான். ஆழமான ஜன்னல் என்றால் உள்ளே வெளிச்சம் ஒரே திசையிலிருந்து கற்றையாக வரும், நிழல் அழுத்தமாக இருக்கும், பாதி அறை இருட்டாக இருக்கும். முகத்துக்கும் காபியின் ஆவிக்கும் அருமையான வெளிச்சம் அது. முழுக் கண்ணாடிச் சுவர் என்றால் வெளிச்சம் பரந்து வரும், அறை முழுவதையும் எளிதாக எடுக்கலாம், ஆனால் எதற்கும் உருவம் திரளாது. பழைய கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் பிம்பம் நெளியும். புதிய கண்ணாடியில் நேர்க்கோடு நேராகவே இருக்கும். அந்த நெளிவைத் தனியாக ஒரு படம் எடுக்கலாம்.

இப்போது முகப்பு. கேமராவை மேலே சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். தவிர்க்க வேண்டுமானால் கேமராவின் பின்பக்கம் கட்டடத்துக்கு இணையாக, நிமிர்ந்து இருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள். ஒன்று, தள்ளிப்போய் நீளமான லென்ஸில் எடுப்பது. இரண்டு, கேமராவை நேராகப் பிடித்து அகலமாக எடுத்துவிட்டு, கீழே வரும் வெறும் சாலையைப் பிறகு வெட்டிவிடுவது. மூன்றாவது எனக்குப் பிடித்தது: கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்களே ஏறிவிடுவது. எதிரே முதல் மாடிக் காபிக் கடையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். அங்கே ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, லென்ஸின் முனையைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து, சுற்றிலும் கையாலோ கறுப்புத் துணியாலோ மறைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் விளக்கின் பிம்பம் இல்லாமல் நேர்க்கோடுகளோடு முகப்பு கிடைக்கும். இந்த வேலைக்கென்றே லென்ஸை மேலும் கீழும் நகர்த்தும் வகை உண்டு. 35 மி.மீ. கேமராக்களுக்கு நிக்கான் 1962இலேயே ஒன்றைக் கொண்டுவந்தது. விலை அதிகம். தொடங்குபவருக்கு அவசியமில்லை.

செதுக்கு வேலையும் செங்கல் வரிகளும் உள்ள முகப்பைச் சூரியன் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரத்தில் எடுங்கள். ஒவ்வொரு விளிம்பும் நிழல் போடும், சுவருக்கு ஆழம் வரும். மேகமூட்ட நாளில் வேறு வகை எடுக்கலாம். ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஷர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் பல்லாண்டுகள் மங்கிய வானத்தின் கீழ், நேர் எதிரே நின்று, ஒரே மாதிரி எடுத்து வரிசைப்படுத்தினார்கள். நிழல் இல்லாததால் வடிவம் மட்டும் பேசுகிறது. உங்கள் பகுதியின் காபிக் கடை வாசல்களையோ படிக்கட்டுகளையோ இப்படி ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் எடுத்து வரிசையாக்கிப் பாருங்கள். தனித்தனியாகச் சாதாரணமாகத் தெரிந்தவை பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வித்தியாசங்களைக் காட்டத் தொடங்கும்.

பெயர்ப்பலகையை இடைஞ்சல் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். கட்டடக் கலைஞர் ஜே. ஜே. பி. அவுட் 1925இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கட்டிய கஃபே டி யூனி என்னும் கடையில் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் பெயர் எழுத்துகளும் சேர்ந்ததுதான் முகப்பே. எழுத்தை எடுத்துவிட்டால் அந்தக் கட்டடம் பாதி காணாமல் போகும். அது 1940 குண்டுவீச்சில் அழிந்து, 1986இல் வேறோர் இடத்தில் திரும்பக் கட்டப்பட்டது.

4. அனுமதி

முதலில் காபி வாங்குங்கள், அப்புறம் கேளுங்கள். "இந்த அறை ரொம்ப அழகா இருக்கு, ஆளுங்களுக்குத் தொந்தரவு இல்லாம நாலு படம் எடுத்துக்கலாமா?" என்று கல்லாவில் நேராகக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். அது அவர்களுடைய இடம். ஃபிளாஷ் வேண்டாம், ஷட்டர் ஒலியை அணைத்துவிடுங்கள். அடையாளம் தெரியும்படி ஒருவரை எடுப்பதானால் அவரிடமும் கேளுங்கள். குழந்தைகளை, மடிக்கணினித் திரைகளை, மேசையில் கிடக்கும் காகிதங்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் ஒரு மேசையைப் பிடித்துவைத்துக்கொண்டு படமெடுப்பது சரியில்லை. கடை திறந்த கையோடு போனால் ஊழியர்களும் பேசுவார்கள், நாற்காலிகளும் ஒழுங்காக இருக்கும்.

கட்டடங்களைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் பொது இடத்தில் நின்று தெரியும் கட்டடத்தைப் படமெடுத்து வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். பிரான்சில் 2016இல் வந்த சட்டம் அந்த உரிமையைத் தனிமனிதர்களின் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே தருகிறது. ஈஃபில் கோபுரத்தின் வடிவத்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, ஆனால் அதன் இரவு விளக்கு அலங்காரத்துக்கு உரிமை இருக்கிறது என்பதால் அந்தப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். சொந்த ஆசைக்கு எடுப்பவருக்கு இதனால் சிக்கல் வராது. படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டு விதியைப் பார்த்துவிடுங்கள்.

5. எங்கே உட்காருவது

ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி உட்காருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் கோப்பைக்கு உருண்டை வடிவம் வரும், மரத்தின் ரேகை தெரியும். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் எல்லாம் நிழலுருவமாகும், அது வேண்டும் என்றால் மட்டும் அப்படி உட்காரலாம். ஜன்னலை விட்டுத் தள்ளத் தள்ள வெளிச்சம் சட்டென்று குறையும். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தாலே ஷட்டர் வேகத்தில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/50 என்றால் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு) வித்தியாசம் தெரியும்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 2700 முதல் 3200 கெல்வின். இரண்டும் ஒரே மேசையில் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சும் தெரியும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இதில் படத்துக்குப் படம் தடுமாறும். நீங்களே ஓர் எண்ணை வையுங்கள். ஜன்னலோரம் என்றால் 5000 அளவில் வைத்து, விளக்குகள் மஞ்சளாகவே இருக்க விடலாம், அறைக்கு இதம் வரும். ரா கோப்பாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

சில விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் வினாடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. படத்தில் கிடைக்கோடாகக் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் காரணம் இதுதான். முதல் வகை நாட்டில் 1/50 அல்லது 1/100, இரண்டாம் வகையில் 1/60 அல்லது 1/125 வேகம் வையுங்கள். மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுவதும் உதவும்.

6. கோப்பையும் கவுன்ட்டரும்

காபி வந்ததும் முதல் நிமிடத்திலேயே எடுத்துவிடுங்கள். நுரை சீக்கிரம் அடங்கிக் கலையும், எஸ்பிரெஸ்ஸோவின் மேல் நிற்கும் பொன்னிற ஏடு சில நிமிடங்களில் மெலிந்துவிடும். ஆவி தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆவி படத்தில் விழாது.

ஆனால் மேலிருந்து குனிந்து கோப்பையை மட்டும் எடுப்பதை முதலிலேயே தவிர்த்துப் பாருங்கள். கேமராவை மேசை மட்டத்துக்கு இறக்கி, கோப்பைக்குப் பின்னால் ஜன்னல் வளைவோ தூணோ படிக்கட்டோ வரும்படி நகர்த்துங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது), எஃப் 2 என்று முழுக்கத் திறந்தால் பின்னணி கரைந்து எந்தக் கடையாகவும் இருக்கலாம் என்று ஆகிவிடும். எஃப் 4 அல்லது 5.6 வைத்தால் கோப்பை கூர்மையாகவும் கட்டடம் அடையாளம் தெரியும் அளவுக்கு மென்மையாகவும் இருக்கும். இந்த ஒரு படம்தான் நடையின் இரண்டு விஷயங்களையும் சேர்த்துக் கட்டுவது. இதற்கு நேரம் கொடுங்கள்.

கவுன்ட்டரில் இயந்திரத்தைக் கவனியுங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்கள் செங்குத்தான கோபுரம்போல் நிற்பவை. 1961இல் வந்த, இத்தாலிய நிறுவனமான ஃபாயேமாவின் இ61 இயந்திரத்தில் கொதிகலன் கிடைமட்டமாக இருந்தது. தாழ்வான இயந்திரம் என்றால், அதன் மேலாகக் காபி போடுகிறவரின் முகமும் கையும் தெரியும். கவுன்ட்டரின் ஓரத்தில், அவருடைய கை உயரத்தில் கேமராவை வைத்து எடுங்கள். அசையும் கை உறைந்து நிற்க 1/125 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை போகத் தயங்காதீர்கள்.

நாற்காலியும் கட்டடக் கதையைச் சேர்ந்ததுதான். வளைத்த மரக்கம்புகளால் ஆன காபிக் கடை நாற்காலியை உலகமெங்கும் பார்த்திருப்பீர்கள். அதன் மூலவடிவம் மரச்சாமான் தயாரிப்பாளர் மிஹாயேல் தோனெட் 1859இல் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு மரை, அவ்வளவுதான். பிரித்துப்போட்டால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. சாய்வான வெயிலில் அதன் வளைவுகள் தரையில் போடும் நிழல், நாற்காலியைவிடப் பெரியதாக, அழகாக இருக்கும்.

7. முழு அறை

அறையை எடுக்க மூலைக்குப் போவது வழக்கம். நான் முதலில் ஒரு சுவருக்கு நேர் எதிரே, நடுவில் நிற்கச் சொல்வேன். தரை ஓடுகள், விட்டங்கள், மேசை வரிசை எல்லாம் நடுவை நோக்கி ஓடும், அறையின் ஒழுங்கு வெளிப்படும். கேமராவின் உயரம் மார்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். கண் உயரத்தில் பிடித்தால் மேசைகளின் மேற்பரப்பு அதிகமாகித் தரை நிறைந்துவிடும். எஃப் 8, நேராகப் பிடித்த கேமரா, ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப்போகாத எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு). வெளியே பளீரென்றும் உள்ளே இருட்டாகவும் இருந்தால், கேமராவை மேசையில் நிறுத்தி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) வித்தியாசத்தில் மூன்று படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்ததும் நிழல்கள் எல்லாம் காணாமல் போகும் அளவுக்குப் போகாதீர்கள். இருண்ட மூலையும் அந்த அறையின் உண்மைதான்.

கூரையை நிமிர்ந்து பாருங்கள். கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1899இல் வியன்னாவில் வடிவமைத்த கஃபே மியூசியம் கடையில் அலங்காரங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வளைந்த கூரையில் மின்கம்பிகளுக்கான பித்தளைப் பட்டைகளையே கோடுகளாக ஓடவிட்டார். இன்றைய கடைகளில் வெளியே தெரியும் குழாய்களும் கம்பிகளும் அதேபோல் கோடுகளாகத் தெரியலாம். ஆட்கள் நடமாட்டம் வேண்டுமானால் கேமராவை மேசையில் வைத்து 1/8 வினாடியில் எடுங்கள். நடப்பவர் மங்குவார், தூண் அசையாமல் நிற்கும். யார் என்று தெரியாததால் அவர்களுக்கும் சங்கடமில்லை.

வாசல்படியையும் ஒரு படம் எடுங்கள். இத்தாலியின் பாதுவாவில் கட்டடக் கலைஞர் ஜூசெப்பே யப்பெல்லி வடிவமைத்து 1831இல் திறந்த பெத்ரோக்கி காபிக் கடை 1916 வரை இரவும் பகலும் திறந்தே இருந்ததால் 'கதவில்லாத கடை' என்று பெயர் பெற்றது. தெரு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு கடையும் வேறு விதமாகத் தீர்மானிக்கிறது.

8. தெருவிலிருந்து மறுபடி

சூரியன் மறைந்து தொடுவானத்துக்குக் கீழே சுமார் 4 முதல் 6 பாகை வரை இறங்கும்போது வானம் ஆழ்ந்த நீலமாகும். அந்த நேரத்தில் வானத்தின் ஒளியும் கடைக்குள் எரியும் விளக்கும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஒரே எக்ஸ்போஷரில் முகப்பும் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் தெரிவார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், துருவங்களை நெருங்க நெருங்க நீளும். ஆகவே நிற்கும் இடத்தையும் படத்துக்குள் எது வர வேண்டும் என்பதையும் பகலிலேயே முடிவு செய்துவிட்டு, முன்கூட்டியே வந்து நில்லுங்கள்.

கண்ணாடியில் எதிர்ப்பக்கத்துத் தெரு பிரதிபலித்தால் போலரைசரைச் சுழற்றுங்கள். நேர் எதிரே நின்று சுழற்றினால் எந்தப் பயனும் இருக்காது. கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 பாகை சாய்வில் நின்றால்தான் பிரதிபலிப்பு நன்றாக மறையும். முழுக்க மறைக்காமல் பாதி விட்டுவைத்தால், உள்ளே இருக்கும் மேசையின் மேல் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் மிதக்கும்.

9. தேர்வும் திருத்தமும்

அன்றே தேர்ந்தெடுக்காமல் ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். திருத்தும்போது முதலில் லென்ஸால் கோடுகளில் வரும் வளைவைச் சரிசெய்யுங்கள், பிறகு செங்குத்துக் கோடுகளை. உயரமான கட்டடத்தில் நூற்றுக்கு நூறு நேராக்கினால் உச்சி அகன்று விழுவதுபோல் தோன்றும், கொஞ்சம் சாய்வை விட்டுவையுங்கள்.

வரிசைப்படுத்தும்போது தெருவிலிருந்து மேசைக்குப் போங்கள்: முகப்பு, வாசல், அறை, கவுன்ட்டர், கோப்பை, மறுபடி ஒளிரும் ஜன்னல். பத்துப் படங்களுக்கு மேல் போக வேண்டாம். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், இரண்டும் பிடித்திருந்தாலும்கூட. கோப்புப் பெயரிலோ குறிப்பிலோ தெரு, கட்டடம், முகப்பு பார்க்கும் திசை, எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கடைக்காரர் கேட்டால் அவருக்கு இரண்டு நல்ல படங்களை அனுப்புங்கள். அதே கட்டடத்துக்கு வேறு பருவத்தில் போகும்போது, எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் வரும் என்று அந்தக் குறிப்பை வைத்தே கணித்துக்கொள்ளலாம், அனுமதியும் சிரமமில்லாமல் கிடைக்கும்.